வேட்டைச் சிலந்தியும் அதன்மீது சுமத்தப்படும் பழிகளும்

பிளாஸ்டிக் டப்பாவிலோ பாலித்தீன் பையிலோ அடைக்கப்பட்ட சிலந்தி ஒன்று மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்வது அவசரச் சிகிச்சைப் பிரிவில் புதிய காட்சியன்று. “இதுதான் டாக்டர் கடித்தது” என்று நோயாளியுடன் வந்தவர் அதை முன்னே வைப்பார். செருப்படி பட்டு, எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டு கிடக்கும் அந்த உயிர் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். “கடித்ததைப் பார்த்தீர்களா?” என்று கேட்டால், “பார்க்கவில்லை, காலையில் எழுந்தபோது தோளில் கொப்புளம் இருந்தது, இது சுவரில் இருந்தது” என்பதே வழக்கமான விடை.

ஒரே அறையில் இருந்தன என்பதைத் தவிர அந்தக் கொப்புளத்துக்கும் அந்தச் சிலந்திக்கும் வேறு தொடர்பு இருப்பதில்லை. சிலந்திக்கு நேர்ந்த அநீதி ஒருபுறம் இருக்கட்டும். காரணம் கிடைத்துவிட்டது என்று நோயாளியும் குடும்பத்தாரும் நிம்மதியடைந்து, உண்மையான காரணத்தைத் தேடாமல் நாள்களைக் கடத்துவதுதான் மருத்துவர்களுக்குக் கவலை தருகிறது. ஆகவே இந்த இதழில் அந்தச் சிலந்தியை முதலில் அறிமுகம் செய்துகொண்டு, பிறகு அதன்மீது சுமத்தப்படும் பழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழுப்பு நிறமும் தட்டையான உடலும் கொண்டு, உள்ளங்கையளவு கால்களைப் பரப்பிச் சுவரில் நிற்கும் இந்தச் சிலந்தியை நம் ஊர் வீடுகளில் காணாதவர் அரியர். எட்டுக்கால் பூச்சி என்றே இதனை அழைக்கிறோம். (பூச்சிகளுக்கு ஆறு கால்களே உண்டு; எட்டுக் கால் உடையது பூச்சியாகாது. தேளும் உண்ணியுமே சிலந்தியின் உறவினர். ஆயினும் வழக்கில் வேரூன்றிவிட்ட பெயரை இனி யார் மாற்றுவது?) இதன் அறிவியற்பெயர் ஹெட்டிரோபோடா வெனடோரியா. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767ஆம் ஆண்டில் இதனை விவரித்தபோது இட்ட ‘வெனடோரியா’ என்னும் இலத்தீன் சொல் வேட்டையாடும் இயல்பைக் குறிப்பது. வெப்பமண்டல ஆசியாவே இதன் தாயகம் எனக் கருதப்படுகிறது. கப்பல் சரக்கோடும் வாழைத்தார்களோடும் பயணம் செய்து, இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும் இது குடியேறிவிட்டது. வாழைத்தாரில் ஒளிந்து சென்ற காரணத்தால் சில நாடுகளில் இதற்கு வாழைப்பழச் சிலந்தி என்றே பெயர்.

உடலை மட்டும் அளந்தால் இது 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். விரிந்த கால்களோடு சேர்த்து அளந்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வரும். நமக்கு அச்சம் தருவது இந்தக் கால் விரிவுதான். முகத்தில் கண்களுக்குக் கீழே மீசை எழுதியதுபோல் வெளிர்நிறப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். இதனை அடையாளம் காண எளிய குறி அது. கால்களில் சிறு கரும்புள்ளிகளும் அவற்றிலிருந்து எழும் முட்களும் தெரியும். ஆண் சிலந்தி மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டது. பெண் சற்றுப் பருத்தது.

மற்றச் சிலந்திகளுக்குக் கால்கள் உடலுக்கு மேலே வளைந்து நிற்க, இதற்கு நண்டின் கால்களைப்போலப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே, மாட்டிய நாட்காட்டிக்குப் பின்னே, கதவு நிலையின் விரிசலில், ஒரு தாள் நுழையும் இடத்தில் இது நுழைந்து மறைவது அந்த அமைப்பாலும் தட்டை உடலாலும்தான். பாதங்களின் நுனியில் மிக நுண்ணிய மயிர்க்கற்றைகள் இருப்பதால் வழுவழுப்பான சுவரிலும் கண்ணாடியிலும் வழுக்காமல் ஓடுகிறது.

அந்தக் கால்கள் இயங்கும் விதம் மருத்துவமனைக்கு வந்துபோகும் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையானது. நம் முழங்காலை மடக்க ஒரு தசைத்தொகுதியும் நீட்ட ஒரு தசைத்தொகுதியும் உள்ளன. சிலந்தியின் காலிலோ முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டுமே உண்டு. நீட்டும் தசை இல்லை. உடலின் முன்பகுதியிலிருந்து இரத்தத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தியே அது காலை நீட்டுகிறது. மண் அள்ளும் இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வதைப் போன்றது இது. இரத்த அழுத்தம் குறைந்தால் நமக்குத் தலை சுற்றுகிறது. சிலந்திக்குக் கால் மடங்கிவிடுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் எப்போதும் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதன் காரணம் இதுவே. அந்த இரத்தத்தின் நிறமும் சிவப்பன்று. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்புச்சத்துள்ள ஹீமோகுளோபின். சிலந்தியிலோ செம்புச்சத்துள்ள ஹீமோசயனின். ஆகவே அதன் இரத்தம் வெளிர்நீலம்.

இரை பிடிக்க இந்தச் சிலந்தி வலை கட்டுவதில்லை. நம் வீடுகளில் ஒட்டடையாகத் தொங்கும் வலைகள் வேறு சிறு சிலந்திகளுடையவை. இது பகலில் இடுக்கில் ஒடுங்கியிருந்து, விளக்கணைந்தபின் வெளியே வந்து சுவரில் அசையாமல் காத்திருக்கும். இரையின் நடமாட்டத்தால் எழும் மெல்லிய அதிர்வைக் கால்களாலேயே உணர்ந்து, ஒரே பாய்ச்சலில் முன்கால்களால் பற்றி, விடப்பற்களைப் பதிக்கும். செரிமான நீரை இரைக்குள் செலுத்தி, கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன் முதன்மையான உணவு கரப்பான் பூச்சி. ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கரப்பான் பூச்சியின் கழிவும் உதிர்ந்த உடல் துகள்களும் ஒவ்வாமையைத் தூண்டி, ஆஸ்துமாவைக் கடுமையாக்கக்கூடியவை என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. சமையலறையில் நள்ளிரவில் வேட்டைக்கு இறங்கும் சிலந்தி அந்த வகையில் வீட்டாருக்குக் கூலியில்லாத வேலைக்காரன்.

சில வேளைகளில் வயிற்றுக்கடியில் நாணயம்போன்ற தட்டையான வெண்ணிற வட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு இது நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நோயுமன்று, கட்டியுமன்று, முட்டைப்பை. நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பட்டிழையால் பொதிந்து, குஞ்சுகள் வெளிவரும் வரை தாய் அதனைக் கீழே வைக்காமல் சுமக்கிறது. அந்த நாள்களில் அது பொதுவாக வேட்டையாடுவதில்லை, ஏறத்தாழ உண்ணாநோன்புதான். முட்டைப்பை சுமக்கும் தாயைத் துடைப்பத்தால் சீண்டினால் மட்டும் ஓடாமல் எதிர்த்து நிற்கக்கூடும். மற்ற நேரங்களில் இதன் முதல் தற்காப்பு ஓட்டமே.

சரி, கடிக்குமா? கடிக்கும். நச்சும் உண்டு. கழற்றிப்போட்ட சட்டைக்குள் புகுந்திருந்ததை அறியாமல் உடுத்தி அழுத்தினாலோ, கையால் பிடித்தாலோ கடிக்கலாம். அப்போது குளவி கொட்டியதுபோல் சுருக்கென்று வலிக்கும். கடிபட்ட இடம் சிவந்து சற்று வீங்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ தணிந்துவிடும். இவ்வளவு பெரிய விடப்பல் தோலில் இறங்குவதைத் தூக்கத்திலும் உணராமல் இருப்பது அரிது. கடித்தது தெரியாமல் காலையில் கொப்புளத்தைக் கண்டேன் என்பவரைக் கடித்தது இதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதும், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பதும், தேவையானால் பாரசிட்டமால் உட்கொள்வதும் போதும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நெடுநாளாகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், சுண்ணாம்பு தடவுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கடியைவிடக் கெடுதல் செய்வன. முகமோ உதடோ வீங்குதல், மூச்சுத் திணறுதல், உடலெங்கும் தடித்தல் ஆகியவை தோன்றினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். எந்தப் பூச்சி கடித்திருந்தாலும் உடனே 108 வண்டியை அழையுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் பொயெசிலோதீரியா என்னும் பேரினத்துச் சிலந்திகள் வாழ்கின்றன. அவை தடித்த உடலும் அடர்ந்த மயிரும் கொண்டவை. கால்களின் அடிப்புறத்தில் பளிச்சென்ற நிறப்பட்டைகள் தெரியும். அவற்றின் கடி கடுமையான தசைப்பிடிப்பை உண்டாக்கக்கூடியது. மருத்துவ உதவி தேவை. சுவரில் தட்டையாக ஒட்டி நிற்கும் நம் வீட்டுச் சிலந்தி அதுவன்று.

இனிப் பழிகளுக்கு வருவோம். சிலந்தி கடித்தால் சதை அழுகிப் புண்ணாகும் என்னும் அச்சம் பல நாடுகளிலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரி இஸ்பிஸ்டர், மைக்கேல் கிரே ஆகிய இருவரும், கடித்த சிலந்தியைக் கையோடு பிடித்து இனம் கண்டறிந்த 750 கடிகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேட்டைச் சிலந்திக் குடும்பத்தின் கடிகளும் அவற்றுள் அடக்கம். அந்த 750 பேரில் ஒருவருக்கும் சதை அழுகும் புண் ஏற்படவில்லை. வேறு கண்டங்களில் அத்தகைய புண்ணை உண்டாக்கும் ஓரிரு சிலந்தி இனங்கள் இருப்பது மெய். நம் சுவரில் நிற்பது அவற்றுள் ஒன்றன்று.

அடுத்தது, “எட்டுக்கால் பூச்சி மேலே மூத்திரம் பெய்துவிட்டது” என்னும் பேச்சு. சிலந்தியின் கழிவு பெரும்பாலும் குவானைன் என்னும் வெண்ணிறப் பொருள். தோலைக் கொப்புளிக்கச் செய்யும் ஆற்றல் அதற்கில்லை. மழைக்கால இரவுகளில் விளக்கொளியை நாடி வரும் சிறு வண்டு ஒன்று உண்டு. எறும்பைப்போல் ஒடுங்கிய உடல். ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும். ஆசிட் பூச்சி என்று சிலர் சொல்வது இதனையே. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்திலோ கன்னத்திலோ ஊர்ந்ததை நாம் தூக்கக் கலக்கத்தில் நசுக்கித் தேய்க்கும்போது அதன் உடல்நீரில் உள்ள பெடரின் என்னும் நச்சு தோலில் படுகிறது. எரிச்சலும் கொப்புளமும் உடனே தோன்றாமல் ஏறத்தாழ ஒரு நாள் கழித்துக் கோடுபோட்டதுபோல் எழுகின்றன. அதற்குள் வண்டு மறக்கப்பட்டுவிடும். சுவரில் நிற்கும் சிலந்தியே கண்ணில் படும். இந்த வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பிட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

கொப்புளங்கள் உடலின் ஒரே பக்கத்தில், முதுகிலிருந்து மார்பை நோக்கியோ நெற்றியின் ஒரு பாதியிலோ பட்டையாக எழுந்து, அவை தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் குத்தலும் இருந்திருந்தால் அது அக்கி. சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் நரம்புகளின் அடியில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போதோ மீண்டும் எழுவதே அது. சிலந்தி ஊர்ந்ததால் வருவதன்று. குயவரிடம் சென்று காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக உண்டு. ஈரமண்ணின் குளிர்ச்சி எரிச்சலுக்குச் சற்று இதம் தரலாம். வைரஸை அது தொடுவதில்லை. வைரஸை அடக்கும் மாத்திரைகள் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட்டால் நன்கு பயன் தருகின்றன. மூன்று நாள் மண் பூசிவிட்டு நான்காம் நாள் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைந்துவிடுகிறது. புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்புவலியால் இரவுத் தூக்கம் இழந்த முதியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த 72 மணி நேரத்தின் மதிப்புத் தெரியும். கண்ணருகிலோ மூக்கின் நுனியிலோ அக்கி எழுந்தால் பார்வைக்கே ஆபத்து; அன்றைக்கே கண் மருத்துவரைக் காண வேண்டும்.

காய்ச்சலோடு, அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பகத்தின் கீழோ வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று, சிகரெட்டால் சுட்டதுபோல் இருந்தால் அதையும் சிலந்திக்கடி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகை உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலின் முத்திரை அது. புதர் மண்டிய இடங்களில் வேலை செய்வோருக்கும் அவற்றின் அருகே வசிப்போருக்கும் வருவது, தமிழகத்தில் நன்கறியப்பட்டது. காலத்தில் அறிந்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளுக்கே கட்டுப்படும். அறியாமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பொருக்கு இருப்பது பெரும்பாலும் மறைவிடத்தில் என்பதால் நோயாளிகள் கூச்சத்தால் சொல்வதில்லை. தயங்காமல் காட்டுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களின் காலில் எழும் புண்ணும் வீக்கமும் “ஏதோ கடித்திருக்கும்” என்ற சொல்லோடுதான் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வருகின்றன. உணர்ச்சி குன்றிய பாதத்தில் செருப்பு உரசியதும் முள் தைத்ததும் தெரியாமல் போயிருக்கும். கால் சிவந்து, சூடேறி, அந்தச் சிவப்பு மேல்நோக்கிப் பரவினால் கடித்தது எது என்று ஆராய்ந்துகொண்டிராமல் அன்றே வந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றினும் கொடியதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவில், தரையில் பாய் விரித்து உறங்கிய ஒருவர் ஏதோ கடித்ததுபோல் உணர்ந்து விழிக்கிறார். விளக்கைப் போட்டால் சுவரில் பெரிய சிலந்தி. கடிபட்ட இடத்தில் வீக்கமில்லை. வலியும் அநேகமாக இல்லை. சிலந்தியை அடித்துப்போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார்கள். கட்டுவிரியன் பாம்பின் கடி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரவில் வீட்டுக்குள் நுழைந்து, உறங்குகிறவரைக் கடிக்கும் பாம்பு அது. அதன் பற்கள் சிறியவை. கடித்த தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எறும்பு கடித்ததாகவே பலர் எண்ணிவிடுவர். சில மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, கண்ணிமைகள் தாமாகத் தாழ்தல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் என்று நஞ்சு நரம்பு வழியே வேலை செய்யத் தொடங்கும். வேட்டைச் சிலந்தியின் கடியில் இந்த அறிகுறிகள் எதுவும் வருவதில்லை. அதற்கு வலி உண்டு, வீக்கம் உண்டு, இமை தாழ்வதில்லை. ஆகவே இரவில் தரையில் உறங்கியவர் ஏதோ கடித்ததென்று விழித்து, வலியோ வீக்கமோ இல்லாதிருந்தால் அதையே ஆறுதலாகக் கொள்ளாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், பாம்புக்கடி மருந்தும் செயற்கைச் சுவாச வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கூடுமானவரை கட்டிலில் உறங்குவது நல்லது. தரையில்தான் உறங்க வேண்டுமென்றால் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். பாம்புக்கும் அது தடை.

இவ்வளவுக்குப் பிறகும் சுவரில் நிற்கும் சிலந்தியைச் சகித்துக்கொள்ள எல்லாராலும் முடியாது என்பதை அறிவோம். வீட்டில் நோயுற்றவரோ குழந்தையோ அதைக் கண்டு அலறினால் வெளியே விட்டுவிடுவதே முறை. அதற்காகப் பூச்சிக்கொல்லி மருந்தை மூடிய அறையில் தெளிக்காதீர்கள். இளைப்பு நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சிலந்தியைவிட அந்தப் புகைதான் தீங்கு. துடைப்பத்தால் அடிக்கப்போனால் கட்டிலுக்கடியில் பாய்ந்து ஓடிவிடும். பிறகு இரவெல்லாம் வீட்டார் எவருக்கும் உறக்கமிராது.

காபி தம்ளர் இதற்குப் போதாது, கால்கள் வெளியே நீண்டுவிடும். அகன்ற வாயுள்ள டப்பா ஒன்றை எடுத்து, நேர் மேலிருந்து மெல்லக் கவிழ்த்துச் சுவரோடு அழுத்திப் பிடியுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைபோன்ற கெட்டி அட்டை ஒன்றைச் சுவருக்கும் டப்பாவுக்கும் இடையே மெதுவாக நுழையுங்கள்; கால்கள் நசுங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையோடு சேர்த்து எடுத்துச்சென்று, தோட்டத்திலோ மரத்தடியிலோ டப்பாவைத் தரையில் சாய்த்துவைத்து அட்டையை விலக்கினால் தானே போய்விடும். சில நாள் கழித்துப் பீரோவின் பின்னே அதேபோன்று ஒன்று, அசைவில்லாமல் வெளிறிப்போய்த் தெரிந்தால், அட்டையைத் தேடுமுன் மெல்ல ஊதிப்பாருங்கள். காற்றில் அசைந்து உதிர்ந்தால் அது சிலந்தியன்று. வளரும்போது கழற்றிவிட்டுப்போன சட்டை.